பின்வரிசைக் குடம் முன்வரிசைக்கு வந்த கதை

(பாயான் லெப்பாஸில் ஒளிப்பதிவான தொலைக்காட்சி உரையரங்கில், நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் மற்றவர்களைப் பேச வைப்பதுதான் என் வேலை. மணி அடிப்பதும் நானே, "நேரம் முடிந்துவிட்டது ஐயா" என்று சொல்லிப் பொல்லாப்பைச் சம்பாதிப்பதும் நானே. இன்று என்னையே பேச அழைத்துவிட்டார்கள். எனக்கு யார் மணி அடிக்கப் போகிறார்களோ தெரியவில்லை. நாம் இருப்பது பாயான் லெப்பாஸ். தலைக்கு மேல் ஒரு விமானம் போனால் அதையே மணியாக எடுத்துக் கொள்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ஜாஸ் இசையில் தாளக் கலைஞர்கள் விட்டுச் சென்ற ஒலிப்பதிவுகளும் அவற்றின் செல்வாக்கும். தலைப்பைக் கேட்டதும் என் அம்மா, "இதைப் போய் நம்ம ஆளுங்ககிட்ட பேசப் போறியா?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகத்தான் இந்த உரையை அமைத்துக் கொண்டேன். நான் பேசப் போவது ஒரு தமிழரைப் பற்றி. ஜாஸ் ரசிகர்கள் உலகமெங்கும் கைதட்டிக் கேட்ட ஒரு மண்குடத்தைப் பற்றி. அவர் பெயர் டி.எச். விநாயக்ராம். 'விக்கு' விநாயக்ராம் என்றால் இன்னும் பலருக்குத் தெரியும்.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். இந்தப் பெயரை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு தமிழர் அல்லர்.

மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துக் கொண்டிருந்தபோது, ஒலிப்பதிவுப் பாடம் எடுத்தவர் ஒரு மலாய்க்கார ஆசிரியர். ஓய்வு நேரத்தில் டிரம்ஸ் வாசிப்பவர். ஒரு நாள் வகுப்பில் ஓர் இசைப்பதிவை ஓடவிட்டு, என்னென்ன வாத்தியங்கள் கேட்கின்றன என்று எழுதச் சொன்னார். கித்தார், வயலின், தபேலா என்று எழுதிவிட்டேன். நான்காவதாக ஒரு சத்தம். மரம்போலவும் இருந்தது, உலோகம்போலவும் இருந்தது. 'மிருதங்கம்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இது உங்கள் ஊர்ப் பானை. உனக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டார். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்ப்பெண். அன்றைக்குத் தலை குனிந்ததை இன்றுவரை மறக்கவில்லை.

அந்தப் பதிவுதான் 'சக்தி' குழுவினுடையது. அது எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம்.

ஜாஸ் இசை அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வாழ்விலிருந்து பிறந்தது. அதிலும் தாளக்காரர்கள் தொடக்கத்தில் மேடையின் பின்புறத்தில்தான் இருந்தார்கள். எக்காளம் ஊதுபவருக்கும் பாடுபவருக்கும் விளக்கு வெளிச்சம், தாளக்காரருக்கு நிழல். ஆர்ட் பிளேக்கி, மேக்ஸ் ரோச் போன்றவர்கள் தாங்களே குழுத்தலைவர்களாகி அந்த நிலையை மாற்றினார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர் டோனி வில்லியம்ஸ். 1963-இல் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. பின்னர் 'லைஃப்டைம்' என்ற சொந்தக் குழுவை அமைத்தார். அந்தக் குழுவில் வாசிப்பதற்காகவே 1969-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போனவர் ஜான் மெக்லாஃப்லின் என்ற கித்தார் கலைஞர். ஒரு தாளக்காரர் தலைவராக இருந்த குழுவில்தான் அவருடைய அமெரிக்க வாழ்க்கை தொடங்கியது என்பதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

1971-இல் மெக்லாஃப்லின் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற குழுவைத் தொடங்கினார். பெயர்தான் மகாவிஷ்ணு, சத்தம் இடி முழக்கம். மின்சாரக் கித்தார், மின்சார வயலின், அதற்கு மேல் பில்லி கோபம் என்ற மாபெரும் டிரம்ஸ் கலைஞர். அந்தக் குழுவைக் கேட்க அரங்குகள் நிறைந்தன. புகழின் உச்சியில் இருந்தபோதே அவர் மனம் வேறு பக்கம் திரும்பியது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை கற்றார். நம் சங்கீதத்தைச் சேர்ந்தவர்களோடு தரையில் அமர்ந்து, மின்சாரம் இல்லாத கித்தாரை எடுத்தார். சக்தி பிறந்தது.

வயலினுக்கு எல். சங்கர். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன். தபேலாவுக்கு ஜாகிர் ஹுசேன். முதல் பதிவில் மிருதங்கத்துக்கு இராமநாதபுரம் இராகவன். கடத்துக்கு நம் விநாயக்ராம். பில்லி கோபத்தின் அத்தனை டிரம்ஸ்களும் பித்தளைத் தட்டுகளும் இருந்த இடத்தில், ஒரு மண்பானை வந்து உட்கார்ந்தது.

விநாயக்ராம் யார்? 1942-இல் பிறந்தவர். தந்தை டி.ஆர். ஹரிஹர சர்மா தாள வாத்தியம் கற்பித்த ஆசான். 1958-இல் சென்னையில் ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயம் என்ற பள்ளியைத் தொடங்கியவர் அவர். பத்து வயதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே மேடை ஏறிய விநாயக்ராம், செம்பை வைத்தியநாத பாகவதர், ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், செம்மங்குடி சீனிவாச ஐயர், எம்.எஸ். சுப்புலட்சுமி என்று பெரிய பெரிய வித்துவான்களுக்கெல்லாம் வாசித்தவர்.

இங்கே கச்சேரி மேடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நடுவில் பாடுபவர். ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். இவை பக்கவாத்தியங்கள். கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகியவை உபபக்கவாத்தியங்கள். பக்கவாத்தியத்துக்கும் பக்கத்தில் ஒரு பக்கவாத்தியம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கடக்காரர் பல மேடைகளில் பின்வரிசையில் அமர்வார். மிருதங்கக்காரர் இடம் விடும்போதுதான் அவர் கை பேசும். தனி ஆவர்த்தனம் வந்தால் அவருக்கும் ஒரு பங்கு. நேரம் போதவில்லை என்றால் முதலில் கத்தரிக்கப்படுவதும் அந்தப் பங்குதான். ரசிகர்களில் சிலர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பி குடிக்க எழுந்து போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நம் ஊர் மண்டபங்களில் அது மீகோரேங் சாப்பிடும் நேரம்.

கடத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. மிருதங்கத்துக்கு வாரைத் தட்டிச் சுருதி ஏற்றலாம், இறக்கலாம். கடத்தில் அது நடக்காது. சூளையில் எந்தச் சுருதியோடு வெந்ததோ, ஏறத்தாழ அதே சுருதிதான் அதன் ஆயுள் முழுக்க. பாடுபவரின் சுருதிக்கு ஏற்ற பானையைக் கலைஞர்தான் தேடிக் கொண்டு போக வேண்டும். ஆகையால் கடக்காரர் வீட்டில் சமையலறையைவிட அதிகப் பானைகள் இருக்கும். பெயர் பெற்ற கடங்கள் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் செய்யப்படுகின்றன. ஈரமண்ணை வெளியே பலகையாலும் உள்ளே கல்லாலும் தாங்கி ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டி, சுவரெல்லாம் ஒரே கனமாக வரும்படி செய்கிறார்கள். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் நாதம் கெட்டுவிடும். 2023-இல் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரில் கடம் செய்யும் மீனாட்சி அம்மாளுக்கு மத்திய சங்கீத நாடக அகாதமியின் விருதும் கிடைத்திருக்கிறது. வாசிப்பவருக்கு விருது கொடுப்பது வழக்கம். வாத்தியம் செய்தவரைத் தேடிப் போய்க் கொடுத்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இனி ஒலிப்பதிவுகளுக்கு வருவோம்.

சக்தியின் முதல் இசைத்தட்டு ஸ்டூடியோவில் பதிவானது அல்ல. 1975 ஜூலை 5-ஆம் தேதி, அமெரிக்காவின் லாங் தீவிலுள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நேயர்கள் முன்னிலையில் நடந்த கச்சேரியின் பதிவு. 1976-இல் வெளிவந்தது. மொத்தம் மூன்றே உருப்படிகள். முதல் உருப்படியின் பெயர் 'ஜாய்', அதாவது ஆனந்தம். 18 நிமிடங்கள் ஓடும். மூன்றாவது உருப்படி ஏறக்குறைய அரைமணி நேரம். மூன்று நிமிடப் பாட்டுகளை வானொலியில் போட்டு விற்ற காலத்தில் இப்படி ஓர் இசைத்தட்டு! கித்தாரும் வயலினும் துரத்திப் பிடித்து விளையாடும் வேகத்தைக் கேட்டு எல்லாரும் வாய் பிளப்பார்கள். நான் உங்களைக் கேட்டுக் கொள்வது வேறு. ஒரு முறை அவற்றை விட்டுவிட்டு அடியில் ஓடும் தாளத்தை மட்டும் கேளுங்கள். பானையின் வாயை வயிற்றோடு அழுத்தி விடுவிக்கும்போது 'கும்' என்று எழும் அடிநாதம். கழுத்துப் பக்கம் விரலும் நகமும் படும்போது 'கிண்' என்ற கூர்மையான ஒலி. ஒரே பானையில் ஒரு முழு டிரம்ஸ் செட்டின் வேலை நடப்பது தெரியும். மேற்கத்திய டிரம்ஸ் கலைஞருக்கு இரண்டு கை, இரண்டு கால், நான்கைந்து முரசுகள், மேலே தட்டுகள். இவருக்கு இரண்டு கையும் ஒரு வயிறும்தான்.

இரண்டாவது இசைத்தட்டு 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. 1976-இல் லண்டனில் பதிவானது. அதன் முதல் உருப்படி எந்த வாத்தியத்தோடும் தொடங்காது. கொன்னக்கோலோடு தொடங்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் மிருதங்க வகுப்பில் கையைத் தட்டித் தட்டிச் சொல்கிறார்களே, அந்தச் சொற்கட்டுகள்தாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கித்தார் கேட்கலாம் என்று இசைத்தட்டு வாங்கியவர்கள் வீட்டில் முதலில் ஒலித்தது நம் தாளமொழி. மூன்றாவது இசைத்தட்டு 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்', 1977. அதற்கு அடுத்த ஆண்டு குழு கலைந்துவிட்டது. விற்பனை பெரிதாக இல்லை. மின்சாரக் கித்தாருக்காக வந்த கூட்டத்துக்கு, தரையில் சம்மணமிட்ட குழுவை ஏற்றுக் கொள்வது சிரமமாக இருந்தது.

ஆக, மூன்று ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள். கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு இது நஷ்ட வியாபாரம். ஆனால் இவை அழியவில்லை. தட்டுகளில் இருந்தன, நூலகங்களில் இருந்தன, யாரோ ஒருவரின் அலமாரியில் இருந்தன. எங்கள் மலாய் ஆசிரியரின் அலமாரி வரைக்கும் வந்து சேர்ந்தன. ஒலிப்பதிவின் பலமே இதுதான். கைதட்டல் அன்றைக்கே அடங்கிவிடும். பதிவு தனக்குரிய காதைத் தேடிக் காத்திருக்கும்.

பின்னால் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1991-இல் மிக்கி ஹார்ட் என்ற அமெரிக்கத் தாளக் கலைஞர் பல நாட்டுத் தாளக்காரர்களைச் சேர்த்து 'பிளானட் டிரம்' என்ற இசைத்தொகுப்பைக் கொண்டு வந்தார். நைஜீரியா, பிரேசில், புவர்ட்டோ ரிக்கோ என்று பல திசையிலிருந்தும் கலைஞர்கள். அதில் ஜாகிர் ஹுசேனும் விநாயக்ராமும் உண்டு. உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, 1992-இல் அதைப் பெற்ற தொகுப்பு அதுதான். முழுக்க முழுக்கத் தாளம்! தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிறோமே, அந்தத் தனி ஆவர்த்தனத்துக்குத்தான் உலகம் விருது கொடுத்தது.

1997-இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் குழு மீண்டும் கூடியபோது விநாயக்ராம் வாசித்தார். அதன் பிறகு அந்த இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். அதே குழுவில் மாண்டலின் வாசித்த யு. சீனிவாஸ் 2014-இல் நம்மை விட்டுப் போனார். 2023-இல் 'திஸ் மொமெண்ட்' என்ற தொகுப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் அது கிராமி விருது பெற்றபோது மேடையில் நின்றவர்களில் செல்வகணேஷும் ஒருவர். அதே ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி ஜாகிர் ஹுசேன் மறைந்தார். 1975-இல் லாங் தீவில் தொடங்கிய கதைக்கு அரை நூற்றாண்டு வயது. தந்தை விட்ட இடத்தில் மகன் வாசித்துக் கொண்டிருக்கிறார்.

இந்திய அரசு விநாயக்ராமுக்கு 2002-இல் பத்மஸ்ரீயும் 2014-இல் பத்மபூஷணும் வழங்கியது. உபபக்கவாத்தியக்காரருக்கு! பின்வரிசைக் குடம் முன்வரிசைக்கு வந்துவிட்டது.

சரி, இங்கே ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். போன வாரம் இந்த உரையை ஒத்திகை பார்த்தபோது எங்கள் ஒளிப்பதிவாளர் அண்ணன் கேட்டார்: "அப்படின்னா, வெள்ளைக்காரன் கூப்பிட்டு உட்கார வெச்சதாலதானே அவர் பெரிய ஆளானாரு?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. யோசித்துப் பார்த்தேன். வித்தை வெள்ளைக்காரர் கொடுத்தது அல்ல. செம்மங்குடிக்கும் எம்.எஸ்ஸுக்கும் வாசித்த கைதான் சவுத்தாம்ப்டனிலும் வாசித்தது. அங்கே மாறியது உட்காரும் இடம். எல்லாரும் ஒரே தரையில், ஒரே உயரத்தில் அமர்ந்தார்கள். யார் முன்னோடி, யார் பின்தொடர்பவர் என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறியது. அந்த இடத்தை நாமே முன்பே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இதை ஒப்புக் கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. இனியும் கொடுக்காமல் இருந்தால்தான் வெட்கம்.

இடம் கொடுப்பது என்றால் என்ன என்பதற்கு அந்தக் குடும்பத்திலிருந்தே இன்னொரு சான்று. அங்கே பெண்பிள்ளைகள் யாராவது இருந்தால் நன்றாகக் கேளுங்கள். மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா என்ற சிறுமி, சென்னையில் ஜெயகணேஷ் பள்ளியில் மிருதங்கம் கற்றாள். கடத்தின் மீது ஆசை வந்தது. விநாயக்ராமிடம் கேட்டாள். அது மிகவும் கடினமான வாத்தியம், பெண்பிள்ளையின் விரல்களுக்கு ஆகாது என்பது அவருடைய எண்ணம். அவர் தந்தை ஹரிஹர சர்மா அதை ஏற்கவில்லை. மகன் அமெரிக்காவில் இருந்த காலத்தில் தானே அந்தப் பெண்ணுக்குக் கடம் சொல்லிக் கொடுத்தார். ஒரு வருடத்தில் தயார் செய்து காட்டிவிட்டார். அந்தப் பெண்தான் சுகன்யா ராம்கோபால், கடத்தில் முதல் பெண் கலைஞர் என்று பேரெடுத்தவர். வெவ்வேறு சுருதியுள்ள பல கடங்களைச் சுற்றி வைத்துக் கொண்டு இராகமே வாசிக்கிறார். அதற்குக் கடதரங்கம் என்று பெயர். 1995-இல் பெண்கள் மட்டுமே கொண்ட தாளவாத்தியக் குழுவையும் தொடங்கினார்.

பாருங்கள், உலகம் முழுக்கப் போய் முன்வரிசை பெற்ற ஒருவருக்கும், தன் வீட்டில் ஒரு சிறுமிக்கு இடம் கொடுக்க முதலில் தயக்கம் இருந்தது. ஒரு முதியவர் அந்தத் தயக்கத்தை உடைத்தார். பிறகு விநாயக்ராமே அவருக்குக் குருவாகிச் சொல்லிக் கொடுத்தார் என்பதும் உண்மை. மனிதர்கள் மாறுகிறார்கள். மாற்றுவதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும்.

கொன்னக்கோலும் தனி வழியில் பயணம் போயிருக்கிறது. 'ஜர்னி' என்ற புகழ்பெற்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஸ்டீவ் ஸ்மித் பின்னாளில் கொன்னக்கோல் கற்று, மேடையில் வாயால் சொல்லிக் கையால் வாசிக்கிறார். மெக்லாஃப்லினும் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோல் கற்பிக்கும் டிவிடி ஒன்றை 2007-இல் வெளியிட்டார்கள். 'தகதிமி' என்பது இன்று ஜாஸ் கற்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல்.

இப்போது பினாங்குக்கு வருகிறேன்.

இசைக்கும் இந்தத் தீவுக்கும் உள்ள உறவு புதிதல்ல. பி. ரம்லி 1929-இல் இங்கே பிறந்தவர். ஜாஸ் பியானோவில் பெயர் பெற்று, தேசப்பற்றுப் பாடல்களுக்கு இசையமைத்த ஜிம்மி போயில் பினாங்குக்காரர். 2004-இல் பினாங்குத் தீவு ஜாஸ் விழா தொடங்கியது. அந்த விழாவை நடத்திய பால் அகஸ்டின், ஜேம்ஸ் லாக்ஹெட் என்பவருடன் சேர்ந்து, 1930-களிலிருந்து 1960-கள் வரை இந்தத் தீவில் பாடியவர்கள், வாசித்தவர்கள் பற்றித் தேடித் திரட்டி 2015-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். 2016-இல் கொம்தாரில் பினாங்கு இசை இல்லம் திறக்கப்பட்டது. பழைய படம், பழைய இசைத்தட்டு, பழைய வானொலிப் பெட்டி எல்லாவற்றையும் மக்களிடம் கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள்.

நம்முடைய தாளக்காரர்களின் பதிவுகள் எங்கே?

இதைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதை இப்போது நீங்களே முடிவு செய்யுங்கள். என் தாய்மாமா செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் கைமாறி வீடுகள் போன பிறகு, கடலைத் தாண்டி இந்த பாயான் லெப்பாஸுக்கு வந்து தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் இயந்திரம். வெள்ளிக்கிழமை இரவு கோயில் பஜனை. அங்கே அவர் வாசித்தது ஒரு மண்குடம். மானாமதுரைக் கடம் அல்ல, தண்ணீர்க் குடம். இரண்டு விரல்களில் பித்தளை மோதிரம் போட்டுக் கொண்டு வாசிப்பார். அவர் கையில் அந்தக் குடம் பேசும் என்று என் அம்மா இன்றும் சொல்வார். யாரிடமும் கற்றவர் அல்லர். தோட்டத்தில் யாரோ ஒரு பெரியவர் வாசித்ததைப் பார்த்துப் பழகியது. அந்தப் பெரியவரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

ஒரு பஜனை இரவை யாரோ ஒலிநாடாவில் பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு மணி நேர நாடா. மேலே பென்சிலால் தேதி எழுதியிருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. வானொலியில் வரும் சினிமாப் பாட்டுகளைப் பதிவு செய்ய ஒரு நாடா தேவைப்பட்டது. கையில் கிடைத்ததை எடுத்தேன். இரண்டு பக்கமும் பதிவு செய்துவிட்டேன்.

மாமா திட்டவில்லை. "பாட்டும் தாளந்தானே, விடு புள்ள" என்று சொல்லிவிட்டார். நான் டிப்ளோமா படித்துக் கொண்டிருந்தபோது காலமானார். அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் வகுப்பில் அந்தச் சக்தி பதிவைக் கேட்டேன். 'இது உங்கள் ஊர்ப் பானை' என்று ஆசிரியர் சொன்னபோது எனக்கு வந்தது வெறும் வெட்கம் இல்லை என்பது இப்போது உங்களுக்குப் புரியும். எங்கள் வீட்டுப் பானையின் சத்தத்தை அழித்தவளுக்கு, லாங் தீவில் ஒலித்த பானையின் சத்தம் அடையாளம் தெரியவில்லை.

என் மாமாவை விநாயக்ராமோடு ஒப்பிடவில்லை. அவருக்கே அது பிடிக்காது. நான் சொல்வது இவ்வளவுதான்: விநாயக்ராமின் வித்தையை நாம் அளந்து பார்க்க முடிகிறது, பதிவு இருக்கிறது. என் மாமாவின் வித்தை எந்த அளவில் இருந்தது என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது. நன்றாக வாசித்தாரா, சுமாராக வாசித்தாரா என்று சண்டை போடக்கூட வழியில்லை.

இங்கே மூன்றாவது வரிசையில் உறுமி மேளக் குழுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வாசித்தவர்கள். தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலைச் சாலையில் காவடிகளுக்கு முன்னால் இவர்களைப் போன்ற குழுக்கள் நிற்கும். ஆண்டுதோறும் இவர்களைப் பற்றி வாக்குவாதமும் வரும். பக்திக்குச் சினிமா மெட்டு எதற்கு, நள்ளிரவில் இவ்வளவு சத்தம் எதற்கு என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோயில் வாசலில் எதை வாசிப்பது, எத்தனை மணியோடு நிறுத்துவது என்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். பிள்ளைகளே, அதை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் பெரியவர்களுக்கும் ஒரு கேள்வி. இந்தப் பிள்ளைகளில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? 'மேளக்காரப் பையன்' என்கிறோம். கல்யாணத்துக்கு அழைக்கிறோம், காசு கொடுக்கிறோம், கைப்பேசியில் படம் எடுத்து ஏற்றுகிறோம். அந்தப் படத்தின் அடியில் காவடி எடுத்தவரின் பெயர் இருக்கும். வாசித்தவரின் பெயர் இருக்காது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த உறுமலைக் கொண்டு வருவது எத்தனை வருடப் பழக்கம் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? பெயர் சொல்லிப் பாராட்டாத பிள்ளை ஒழுங்கைக் கற்றுக் கொள்வது எப்படி?

பத்தாயிரம் ரிங்கிட் செலவில் ஒரு திட்டம் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று காரியங்கள் செய்யலாம். ஒன்று, உங்கள் வீட்டில், கோயிலில் தாளம் வாசிக்கும் முதியவர் யாராவது இருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமையே கைப்பேசியை அவர் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். காற்றாடியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், சத்தம் தெளிவாக இருக்கும். இரண்டு, பதிவின் தொடக்கத்தில் அவர் பெயர், யாரிடம் கற்றார், எந்த ஊர், என்ன தேதி என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். மூன்று, அதை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கைப்பேசி தொலையும். என் வீட்டில் நடந்ததுபோல் ஒரு பதினொரு வயதுப் பெண் வந்து அழித்துவிடுவாள். மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். உண்மைதான். ஆனால் வாசிக்கும் குடம் வெறும் குடமாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே இடம் இருந்தால்தான் நாதம் வரும். நம் மனத்திலும் இந்தக் கலைஞர்களுக்குக் கொஞ்சம் இடம் காலியாக இருக்கட்டும்.

விமானச் சத்தம் கேட்கிறது. மணி அடித்துவிட்டது.

வணக்கம் சொல்வதற்கு முன் எங்கள் ஒளிப்பதிவாளர் அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். இப்போது இந்தப் பிள்ளைகள் மறுபடியும் வாசிக்கப் போகிறார்கள். வாசிப்பதற்கு முன் கேமராவை ஒவ்வொருவர் முகத்துக்கும் கொண்டு போங்கள். ஒவ்வொருவரும் தம் பெயரையும், யாரிடம் கற்றார் என்பதையும் சொல்லட்டும். அவசரம் வேண்டாம். நேரம் போதவில்லை என்றால் என் பேச்சைக் கத்தரித்துக் கொள்ளுங்கள்.